அடர் மின்பகுளியில் அயனிகள்: மாதிரி அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு கிலோ நீரில் 10 மோல் லித்தியம் குளோரைடைக் கரைத்துவிட்டு, அதன் ஆக்டிவிட்டி குணகத்தை (உப்பின் நடத்தை இலட்சியக் கரைசலிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதன் அளவு, 1 என்றால் விலகலே இல்லை) டிபை–ஹுக்கலின் எல்லை விதியால் கணக்கிட்டுப் பாருங்கள். 0.025 என்று வரும். அளந்து பார்த்தால் 9-க்கும் மேலே இருக்கிறது. முந்நூறு மடங்குக்கும் அதிகமான வித்தியாசம்! இதைவிடக் கவலை தருவது, திசையே தவறிப்போவதுதான். உப்பு கரைசலில் நிம்மதியாக இருக்கிறது என்கிறது விதி. வெளியேறத் துடிக்கிறது என்கிறது அளவீடு.

1923-இல் வந்த அந்த விதியில் குறையில்லை. நீர்த்த கரைசலுக்காக எழுதப்பட்டது அது. ஒவ்வொரு அயனியும் கரைப்பான் கடலில் தனித்தனியே மிதக்கிறது, தூரத்தில் உள்ள மற்ற அயனிகள் மங்கலான மேகமாகத்தான் அதற்குத் தெரிகின்றன என்பதே அதன் அடிப்படை. அடர் மின்பகுளியில் கடலே கிடையாது. கரைப்பான் மூலக்கூறுகளை எண்ணி எண்ணிப் பங்கிட வேண்டிய நிலை. இந்த வழிகாட்டி முழுக்க நான் சொல்லப்போவது இதைத்தான்: முதலில் எண்ணுங்கள், பிறகு எந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்று முடிவு செய்யுங்கள், அதன்பின் மாதிரியைத் தேர்ந்தெடுங்கள். பலர் மென்பொருளில் தொடங்கி, கேள்வியைக் கடைசியில் தேடுகிறார்கள். மாதக்கணக்கில் கணினி நேரம் வீணாவது அதனால்தான்.

படி 1: மூன்று நீளங்களும் ஒரு எண்ணிக்கையும்

காகிதத்தில் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை இது. இதைத் தவிர்க்காதீர்கள்.

முதல் நீளம் டிபை நீளம். ஓர் அயனியின் மின்புலம் எவ்வளவு தூரத்தில் மற்ற அயனிகளால் மறைக்கப்படுகிறது என்பதை அது சொல்கிறது. 25 டிகிரி செல்சியஸில், நீரில், ஒற்றை மின்சுமை அயனிகள் கொண்ட உப்புக்கு இது 0.304-ஐ மோலார் செறிவின் (ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் உப்பு) வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைக்கும் நானோமீட்டர். 0.001 மோலாரில் 9.6, 0.1 மோலாரில் 0.96, 1 மோலாரில் 0.3. ஒரு நீர் மூலக்கூறின் விட்டமே ஏறக்குறைய 0.28 நானோமீட்டர். 5 மோலாரில் டிபை நீளம் 0.14-க்கு இறங்கிவிடும். நீர் மூலக்கூறில் பாதி தூரத்துக்குள் ஒரு "மேகம்" என்பதற்குப் பொருளே இல்லை. சூத்திரம் எண்ணைக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். அந்த எண்ணுக்குப் பின்னால் இயற்பியல் இருக்கிறதா என்று பார்ப்பது நம் வேலை.

இரண்டாவது பியெரம் நீளம். இரு மின்சுமைகளுக்கு இடையேயான ஆற்றல் வெப்ப ஆற்றலுக்குச் சமமாகும் தூரம் அது. 25 டிகிரியில் 56 நானோமீட்டரைக் கரைப்பானின் மின்காப்பு மாறிலியால் (மின்விசையைக் கரைப்பான் எத்தனை மடங்கு தணிக்கிறது என்ற எண்) வகுத்துக்கொள்ளுங்கள். நீருக்கு 0.7 வரும்.

மூன்றாவது, அயனிகளுக்கு இடையேயான சராசரி இடைவெளி. 0.94-ஐச் செறிவின் கனமூலத்தால் வகுத்தால் போதும். 1 மோலாரில் 0.94 நானோமீட்டர், 5 மோலாரில் 0.55. அதாவது 5 மோலாரில் ஒவ்வொரு அயனியும் பக்கத்து அயனியின் பியெரம் நீளத்துக்குள்ளேயே வாழ்கிறது. எது ஜோடி, எது தனி என்று பிரிப்பது அங்கே சுலபமல்ல.

கடைசியாக எண்ணிக்கை: ஓர் அயனி ஜோடிக்கு எத்தனை கரைப்பான் மூலக்கூறுகள்? ஒரு கிலோ நீரில் 55.5 மோல் நீர் இருக்கிறது. சோடியம் குளோரைடு 6.1 மோலாலில், அதாவது ஒரு கிலோ நீருக்கு 6.1 மோலில், தெவிட்டுகிறது. அப்போது ஒரு ஜோடிக்கு 9 நீர் மூலக்கூறுகள். சோடியத்தை நேரடியாகச் சுற்றி நிற்கும் முதல் நீர் அடுக்குக்கு ஐந்தாறு, குளோரைடுக்கு ஆறு வேண்டும். மொத்தத் தேவை சுமார் 12, கையிருப்பு 9. ஆகவே சில நீர் மூலக்கூறுகள் இரண்டு அயனிகளுக்கும் சேர்த்து வேலை பார்க்கின்றன.

2015-இல் பேசுபொருளான "உப்புக்குள் நீர்" மின்பகுளி இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரு கிலோ நீரில் 21 மோல் லித்தியம் டிஎஃப்எஸ்ஐ (டிஎஃப்எஸ்ஐ என்ற பெரிய எதிர்மின் அயனி கொண்ட லித்தியம் உப்பு). எடையில் பார்த்தால் ஒரு கிலோ நீருக்கு ஆறு கிலோ உப்பு! ஒரு லித்தியத்துக்கு 2.6 நீர் மூலக்கூறுதான் கிடைக்கும், அதற்கோ நான்கு ஆக்சிஜன் தேவை. மீதி இடத்தை எதிரயனியின், அதாவது டிஎஃப்எஸ்ஐ-யின், ஆக்சிஜன்கள் நிரப்பியாக வேண்டும். ஒரு சிமுலேஷனும் ஓட்டாமல், வெறும் வகுத்தலிலேயே இவ்வளவு தெரிந்துவிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை. நீர்த்த கரைசலில் மோலாலும் மோலாரும் ஏறக்குறைய ஒன்று. இங்கே அப்படியல்ல. 21 மோலால் லித்தியம் டிஎஃப்எஸ்ஐ மோலாரில் சுமார் 5 மட்டுமே. அடர்த்தி அளவீடு இல்லாமல் ஒன்றை மற்றொன்றாக மாற்றக் கூடாது.

படி 2: கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள்

கரைதிறன், நீரின் ஆவியழுத்தம், உறைநிலை ஆகியவை வெப்ப இயக்கவியல் கேள்விகள். சூத்திர வகை மாதிரிகளே போதும். எந்த அயனி யாரோடு ஒட்டியிருக்கிறது என்பது அமைப்புக் கேள்வி, அதற்கு மூலக்கூறு அளவில் இறங்க வேண்டும். மின்கடத்துத்திறன், விரவல் (அயனிகள் தாமாகவே பரவும் வேகம்), மின்னோட்டத்தில் ஒவ்வொரு அயனியின் பங்கு ஆகியவை கடத்தல் கேள்விகள். ஒரு பேட்டரி செல்லுக்குள் செறிவு எப்படி மாறுகிறது என்றால், திரவத்தை மூலக்கூறுகளாகப் பிரிக்காமல் ஒரே தொடர்ச்சியான ஊடகமாக எடுக்கும் தொடர்மச் சமன்பாடுகள். நான்கையும் ஒரே மாதிரியால் பிடிக்க முயல வேண்டாம்.

படி 3: வெப்ப இயக்கவியலுக்குப் பிட்சர்

1973-இல் கென்னத் பிட்சர் தந்த சமன்பாடு இன்றும் இந்தத் துறையின் உழைப்பாளி. சோடியம் குளோரைடுக்கு அதைக் கையாலேயே போட்டுப் பார்ப்போம். அயனி வலிமையின் (சோடியம் குளோரைடுக்கு இது மோலால் செறிவேதான்) வர்க்கமூலத்தை "வ" என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக்டிவிட்டி குணகத்தின் இயல் மடக்கை மூன்று உறுப்புகளின் கூட்டல்:

முதல் உறுப்பு: −0.392 × [ வ ÷ (1 + 1.2வ) + 1.667 × இயல் மடக்கை (1 + 1.2வ) ]

இரண்டாம் உறுப்பு: மோலால் செறிவு × [ 2 × 0.0765 + (2 × 0.2664 ÷ 4வ²) × {1 − (1 + 2வ − 2வ²) × அடுக்குச் சார்பு (−2வ)} ]

மூன்றாம் உறுப்பு: மோலால் செறிவின் வர்க்கம் × 1.5 × 0.00127

1 மோலாலில் முதல் உறுப்பு −0.69, இரண்டாவது +0.27, மூன்றாவது கிட்டத்தட்டப் பூஜ்யம். குணகம் 0.655 என்று வருகிறது. அளந்தது 0.657. சரி, இப்போது 6 மோலாலுக்குப் போங்கள். −1.14, +1.06, +0.07. கூட்டினால் −0.01, குணகம் 0.99. அளவீடும் அதேதான்.

இந்த இரண்டாவது கணக்கில் கொஞ்சம் நின்று பாருங்கள். குணகம் 1-க்கு அருகே இருப்பதால் கரைசல் இலட்சியக் கரைசல்போலத் தோன்றுகிறது. உண்மையில் இரண்டு பெரிய விளைவுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒருபுறம் மின்கவர்ச்சி. மறுபுறம் அயனிகளின் பருமனும், நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணமும் சேர்ந்த குறுந்தூர விளைவுகள். அடர் மின்பகுளி மாதிரிகள் அனைத்தும் இந்த இழுபறியைத்தான் ஏதோ ஒரு விதத்தில் விவரிக்கின்றன. ஒரு பக்கத்தில் 10 சதவீதம் தவறினால் மிச்சம் முழுவதும் தவறாகிவிடும் என்பதால்தான் இந்தத் துறை கடினமாக இருக்கிறது.

பிட்சரின் எண்கள் அளவீட்டோடு பொருத்திப் பெறப்பட்டவை. அளக்காத செறிவுக்கோ வெப்பநிலைக்கோ அவற்றை நீட்டினால் உத்தரவாதம் கிடையாது. சோடியம் குளோரைடுக்கு இவை 6 மோலால் வரை நன்றாக உழைக்கும். லித்தியம் குளோரைடின் 20 மோலாலுக்கு இதே எளிய வடிவத்தை நம்பாதீர்கள். ஏன் குணகம் ஏறுகிறது என்ற காரணம் வேண்டுமென்றால் 1948-இல் ராபின்சனும் ஸ்டோக்ஸும் முன்வைத்த நீரேற்றக் கருத்தைப் படியுங்கள். அயனிகள் நீரைக் கட்டிப்போட்டுவிட்டால் "சும்மா இருக்கும்" நீர் குறைகிறது, எனவே பயன்படு செறிவு நாம் கரைத்ததைவிட அதிகம் என்பதே அதன் சாரம். லித்தியம் ஏன் சோடியத்தைவிடச் செங்குத்தாக ஏறுகிறது என்பதும் அதிலேயே விளங்கும்.

சராசரிக் கோளத் தோராயம் போன்ற புள்ளியியல் இயக்கவியல் வழிகளும் உண்டு. அயனியை உருவமுள்ள கோளமாகவும் கரைப்பானைத் தொடர்மமாகவும் எடுத்துக்கொண்டு, சுருக்கமான விடை தருகிறது அது. அங்கே பலர் விழும் குழி மின்காப்பு மாறிலி. உப்பு சேரச் சேர நீரின் மின்காப்பு மாறிலி 78-இலிருந்து இறங்கும். 5 மோலாரை நெருங்கும் சோடியம் குளோரைடில் 45-ஐ ஒட்டி நிற்கும். அந்தக் குறைந்த மதிப்பை மின்கவர்ச்சிப் பகுதியில் மட்டும் போட்டால் கவர்ச்சி அளவுக்கு மீறும். மாறிலி குறையும்போது ஒவ்வொரு அயனியையும் கரைப்பான் தாங்கும் ஆற்றலும் குறைகிறது அல்லவா? அந்தப் பகுதியையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். ஒன்றை மாற்றி மற்றொன்றை விட்டால் விடை தற்செயலாகச் சரியாக வரலாமே தவிர, காரணத்தோடு வராது.

படி 4: மூலக்கூறு இயக்கவியல் சிமுலேஷன்

ஒவ்வோர் அணுவின் நகர்வையும் கணினியில் படிப்படியாகக் கணக்கிடும் முறை இது. மென்பொருள் லேம்ப்ஸ், க்ரோமாக்ஸ், ஓப்பன்எம்எம், எதுவானாலும் சரி. விடையைத் தீர்மானிப்பது மென்பொருளல்ல, அயனிகளுக்கு இடையேயான விசைகளை விவரிக்கும் ஃபோர்ஸ் ஃபீல்டுதான்.

சாதாரண ஃபோர்ஸ் ஃபீல்டில் லித்தியத்துக்கு முழு +1 மின்சுமை. உண்மையான திரவத்திலோ சுற்றியுள்ள மூலக்கூறுகளின் எலக்ட்ரான் மேகங்கள் சற்றே நகர்ந்து அந்த மின்சுமையை ஓரளவு மழுங்கடிக்கின்றன. நிலையான மின்சுமை கொண்ட மாதிரியில் அந்த நகர்வுக்கு இடமில்லை. நீர்த்த கரைசலில் இது பெரிதாகத் தெரியாது. அடர் கரைசலில் ஒவ்வோர் அயனிக்கும் பக்கத்திலேயே மற்றோர் அயனி இருப்பதால் பிழை பெருகுகிறது. அயனிகள் அளவுக்கு மீறி ஒட்டிக்கொள்கின்றன, திரவம் தேனைப்போல் மந்தமாகிறது, சில சமயம் கரைய வேண்டிய செறிவிலேயே படிகம் முளைக்கிறது. பரவலாகப் பயன்படும் ஜாங்–சீத்தம் சோடியம் குளோரைடு மாதிரி, எஸ்பிசி/இ என்ற நீர் மாதிரியுடன் சேர்த்துப் பார்க்கும்போது, 3.7 மோலாலிலேயே தெவிட்டிவிடுகிறது. மெய்யான அளவு 6.1. அந்த மாதிரியில் 5 மோலால் கரைசலை ஓட்டும் ஒருவர், தனக்குத் தெரியாமலேயே மிகைத்தெவிட்டிய கரைசலை ஆராய்ந்துகொண்டிருக்கிறார்.

தீர்வுகள் மூன்று. முதலாவது, மின்சுமையைக் குறைப்பது. நீரின் எலக்ட்ரான் பங்கு மட்டுமுள்ள மின்காப்பு மாறிலி சுமார் 1.78. அதன் வர்க்கமூலத்தின் தலைகீழ் 0.75. எனவே அயனிக்கு +0.75. மாட்ரிட்-2019 மாதிரி 0.85 என்று எடுக்கிறது. கூடுதல் கணினிச் செலவு இல்லாத வழி இது, தொடங்குபவர்களுக்கு நான் சொல்வதும் இதைத்தான். இரண்டாவது, முனைவாகும் தன்மையை (எலக்ட்ரான் மேகங்களின் அந்த நகர்வை) வெளிப்படையாகச் சேர்த்த ஃபோர்ஸ் ஃபீல்டுகள். பல மடங்கு மெதுவானவை, ஆனால் அடர் லித்தியம் மின்பகுளிகளில் நம்பகமானவை. மூன்றாவது, குவாண்டம் கணக்கீடுகளில் பயிற்றுவித்த இயந்திரக் கற்றல் விசைகள். நம்பிக்கை தரும் பாதைதான். ஆனால் பயிற்சித் தரவில் இல்லாத செறிவில் அவை எப்படி நடந்துகொள்கின்றன என்று தனியே சோதித்தாக வேண்டும்.

21 மோலால் லித்தியம் டிஎஃப்எஸ்ஐ-க்கு 500 ஜோடியும் 1,320 நீர் மூலக்கூறும் எடுத்தால், ஏறக்குறைய 5.5 நானோமீட்டர் பக்கமுள்ள பெட்டி வரும். மூலக்கூறுகளைப் பெட்டிக்குள் அடுக்கும் பேக்மால் மென்பொருளைக் கொண்டு அடுக்கி, முதலில் 400 கெல்வினை ஒட்டிச் சூடாக்கி, பிறகு மெல்லக் குளிர்வியுங்கள். நேராக அறை வெப்பநிலையில் தொடங்கினால் தொடக்க அமைப்பு கலையவே கலையாது. குறைந்தது நான்கைந்து தனித்தனித் தொடக்கங்கள் வேண்டும். ஒரே ஓட்டத்தை நம்பாதீர்கள்.

முதல் சோதனை அடர்த்தி. அளவீட்டோடு ஒன்றிரண்டு சதவீதத்துக்குள் வரவில்லை என்றால் மேலே போகாமல் அங்கேயே நிறுத்தி, ஃபோர்ஸ் ஃபீல்டைப் பாருங்கள்.

படி 5: யார் யாரோடு

ஆரப் பரவல் சார்பை எடுங்கள். ஓர் அணுவிலிருந்து எவ்வளவு தூரத்தில் மற்ற அணுக்கள் எவ்வளவு நெருக்கமாக உள்ளன என்பதைச் சொல்லும் வரைபடம் அது. லித்தியம்–ஆக்சிஜன் முதல் உச்சம் 1.95 ஆங்ஸ்ட்ராமை ஒட்டி இருக்க வேண்டும். முதல் பள்ளம் வரை தொகையிட்டால் அண்டை எண் கிடைக்கும். அதை நீரின் ஆக்சிஜன், எதிரயனியின் ஆக்சிஜன் என்று பிரித்துப் பாருங்கள். இரண்டின் கூட்டுத்தொகை நான்கை ஒட்டி நிற்கும். படி 1-இல் போட்ட கணக்கு இங்கே உயிரோடு வந்து நிற்பதைப் பார்ப்பது தனி மகிழ்ச்சி.

ஆனால் சராசரி ஏமாற்றும். சராசரியாக இரண்டு நீர் என்றால் ஒவ்வொரு லித்தியத்துக்கும் இரண்டு நீர் என்று பொருளல்ல. உப்புக்குள் நீர் மின்பகுளியில் சில லித்தியங்கள் பெரும்பாலும் நீராலும், சில பெரும்பாலும் எதிரயனிகளாலும் சூழப்பட்டு, நானோ அளவில் தனித்தனிப் பகுதிகளாகின்றன. நீர் சூழ்ந்த லித்தியங்களுக்கு அந்தப் பகுதிகளே ஓடும் பாதையாகின்றன. அதனால் பரவல் முழுவதையும் வரையுங்கள், சராசரியோடு நிற்காதீர்கள்.

அயனித் திரள்களை எண்ணும்போதும் கவனம் வேண்டும். தொட்டுக்கொண்டிருக்கும் அயனிகளையெல்லாம் ஒரு திரள் என்று எண்ணினால், குறிப்பிட்ட செறிவுக்கு மேல் பெட்டி முழுவதுமே ஒரே திரளாகிவிடும். அதற்கு அப்பால் "எத்தனை சதவீதம் அயனி ஜோடி" என்ற கேள்விக்குப் பொருள் போய்விடுகிறது. அந்தத் தொடர்பு எவ்வளவு நேரம் நிலைக்கிறது என்பதே அங்கே கேட்க வேண்டிய கேள்வி.

படி 6: கடத்தல், அவசரப்படாமல்

அதிகத் தவறுகள் நடப்பது இங்கேதான் என்பது என் அனுபவம். நெர்ன்ஸ்ட்–ஐன்ஸ்டைன் சூத்திரம் ஒவ்வோர் அயனியின் விரவல் குணகத்தையும் கூட்டி மின்கடத்துத்திறனைத் தருகிறது. அயனிகள் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாமல் நகர்கின்றன என்பது அதன் எடுகோள். எதிரெதிர் மின்சுமைகள் ஒரே திசையில் சேர்ந்து நகரும்போது பொருள் நகர்கிறது, மின்னோட்டம் நகர்வதில்லை. எனவே அந்தச் சூத்திரம் வழக்கமாக மிகையாகவே சொல்லும். என் முதல் சிமுலேஷனில் இந்தச் சூத்திரம் அளவீட்டோடு அழகாகப் பொருந்தியது. முழு மின்சுமை ஃபோர்ஸ் ஃபீல்டு அயனிகளை மந்தமாக்கியிருந்தது, சூத்திரம் அதை மிகைப்படுத்திச் சரிக்கட்டியிருந்தது. இரண்டு பிழைகள் சேர்ந்து ஒரு சரியான எண். அன்றிலிருந்து ஒரே ஓர் அளவு பொருந்துவதை நான் ஆதாரமாக எடுப்பதில்லை. அடர்த்தி, பாகுநிலை, இரு அயனிகளின் விரவல், மின்கடத்துத்திறன் எல்லாம் சேர்ந்து பொருந்தட்டும்.

சரியான வழி இது: ஒவ்வொரு நேரத்திலும் எல்லா அயனிகளின் மின்சுமை × இடப்பெயர்ச்சியைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையின் வர்க்கத்தைச் சராசரியாக்குங்கள். அது நேரத்தோடு வளரும் சரிவை ஆறு மடங்கு கன அளவு × வெப்ப ஆற்றலால் (போல்ட்ஸ்மன் மாறிலி × வெப்பநிலை) வகுத்தால் மின்கடத்துத்திறன். இதில் 500 அயனிகளுக்குச் சராசரி எடுக்கும் சலுகை கிடையாது. பெட்டிக்கு ஒரே ஒரு கூட்டுத்தொகைதான். ஆகவே ஓட்டம் மிக நீளமாக இருக்க வேண்டும், அடர் திரவங்களில் நூற்றுக்கணக்கான நானோவினாடிகள் சாதாரணம். இடப்பெயர்ச்சி வர்க்கத்தையும் நேரத்தையும் மடக்கை அச்சுகளில் வரைந்து, சரிவு 1 ஆன பகுதியில் மட்டும் கோடு போடுங்கள். 0.8-இல் கோடு போட்டால் வரும் எண் விரவல் குணகமே அல்ல.

தனி அயனியின் விரவலுக்குப் பெட்டி அளவுத் திருத்தமும் உண்டு. 2.837 × வெப்ப ஆற்றலை, ஆறு பை × பாகுநிலை × பெட்டிப் பக்கம் என்பதால் வகுத்துக் கூட்ட வேண்டும். 3 நானோமீட்டர் தூய நீர்ப் பெட்டியில் இது 10 சதவீதத்தை எட்டும்.

அப்புறம் அந்தக் கூட்டுத்தொகையை மூன்றாகப் பிரியுங்கள்: நேரயனி–நேரயனி, எதிரயனி–எதிரயனி, நேரயனி–எதிரயனி. மின்னோட்டத்தில் லித்தியத்தின் பங்கு இந்த மூன்றிலிருந்தும் வருகிறது. சில பாலிமர் மின்பகுளிகளில் அந்தப் பங்கு எதிர்மதிப்பாகவே பதிவாகியிருக்கிறது. தனி விரவல் குணகங்களின் விகிதத்தால் அதை ஒருபோதும் பெற முடியாது, அந்த விகிதம் எப்போதும் நேர்மதிப்புதான். எந்தச் சட்டகத்திலிருந்து திசைவேகத்தை அளக்கிறீர்கள் என்பதும் முக்கியம். சிமுலேஷன் பொதுவாக நிறைமையச் சட்டகத்தில் இருக்கும், மின்வேதியியல் சமன்பாடுகள் கரைப்பான் சட்டகத்தில் இருக்கும். மாற்றாமல் ஒப்பிட்டால், கரைப்பான் குறைவாக உள்ள கரைசலில் குறியே மாறிவிடலாம்.

படி 7: செல் அளவுக்கு ஏறுதல்

ஒவ்வோர் அயனியும் தனித்தனியே நகர்கிறது என்று கொள்ளும் நெர்ன்ஸ்ட்–பிளாங்க் சமன்பாட்டை அடர் கரைசலில் அப்படியே போடாதீர்கள். ஒவ்வொரு கூறும் மற்றக் கூறுகளோடு உராய்வதைக் கணக்கில் எடுக்கும் ஸ்டீஃபன்–மேக்ஸ்வெல் வடிவத்தில் ஓர் உப்பும் ஒரு கரைப்பானும் என்றால் மூன்று உராய்வு எண்கள் வேண்டும்: நேரயனி–எதிரயனி, நேரயனி–கரைப்பான், எதிரயனி–கரைப்பான். படி 6-இல் பிரித்த மூன்று அளவுகளிலிருந்து இவை நேரே கிடைக்கும். 1993-இல் டாய்ல், ஃபுல்லர், நியூமன் அமைத்த லித்தியம் செல் மாதிரி இந்த அடர் கரைசல் கோட்பாட்டின் மேல்தான் நிற்கிறது.

இவற்றோடு வெப்ப இயக்கவியல் காரணியும் சேரும். லித்தியம் குளோரைடின் ஆக்டிவிட்டி குணகம் 5 மோலாலில் 2.02, 6 மோலாலில் 2.72. குணகத்தின் இயல் மடக்கை வித்தியாசத்தைச் செறிவின் இயல் மடக்கை வித்தியாசத்தால் வகுத்து 1 கூட்டினால் 2.6. அதாவது, செறிவு வித்தியாசம் உப்பைத் தள்ளும் விசை இலட்சியக் கரைசலில் உள்ளதைப்போல 2.6 மடங்கு. படி 3-ஐத் தவிர்த்துவிட்டு இங்கே வந்தவர்களுக்கு இந்தக் காரணி கிடைக்காது.

படி 8: மின்முனை அருகிலும், விடை கிடைக்காத இடத்திலும்

மின்முனைப் பரப்பில் மரபுச் சமன்பாடு அயனிகளைப் புள்ளிகளாக எடுத்து அளவின்றிக் குவிக்கும். 1942-இல் பிக்கர்மன் அயனிக்குப் பருமன் கொடுத்து அதற்கு வரம்பு போட்டார். 2011-இல் பசான்ட், ஸ்டோரி, கோர்னிஷெவ் மூவரும் அயனிகளுக்கு இடையேயான குறுந்தூரத் தொடர்பையும் சேர்த்தார்கள். குறைந்த மின்னழுத்தத்தில் முதல் அடுக்கு தேவைக்கு மேல் எதிர் மின்சுமையைச் சேர்த்துக்கொள்வதும், உயர் மின்னழுத்தத்தில் அயனிகள் நெரிசலாக அடுக்கப்படுவதும் ஒரே சமன்பாட்டிலிருந்து வருகின்றன.

இன்னும் தீராத புதிர் ஒன்று உண்டு. 2016-இல் ஸ்மித், லீ, பெர்க்கின் மூவரும் இரு பரப்புகளுக்கு இடையேயான விசையை அளந்து, அடர் கரைசலில் திரையிடல் நீளம் (மின்புலம் உண்மையில் மறைக்கப்படும் தூரம்) செறிவோடு குறையாமல் கூடுகிறது, சில நானோமீட்டர் வரை போகிறது என்று காட்டினார்கள். டிபை கணக்கின்படி அது 0.2 நானோமீட்டருக்கும் கீழே இருந்திருக்க வேண்டும். கோட்பாடுகளும் கரைசலின் உட்பகுதி சிமுலேஷன்களும் நீளம் கூடுவதை ஒப்புக்கொள்கின்றன, ஆனால் அவ்வளவு பெரிதாக இல்லை. எல்லா அளவீடுகளும் அதை உறுதிசெய்யவும் இல்லை. இதைத் தொட விரும்பினால் 5 நானோமீட்டர் பெட்டி உதவாது. தேடும் நீளம் 4 நானோமீட்டர் என்றால், பெட்டியின் பக்கம் அதைப்போலப் பல மடங்கு வேண்டும். மின்சுமைத் தொடர்பு, அடர்த்தித் தொடர்பு இரண்டையும் தனித்தனியே எடுத்து, ஒவ்வொன்றின் மடக்கையையும் தூரத்தோடு வரையுங்கள். வாலின் சரிவு புள்ளியியல் இரைச்சலில் மூழ்கும் தூரத்தை வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள். நீங்கள் சொல்லும் நீளம் அந்தக் குறிக்கு முன்னால் உள்ள தரவிலிருந்து மட்டும் வரட்டும்.